ஸ்பொட் லைட், ரெட்டை ஹோன் போட்ட பிறகு பியூஸ் போகுது, ஹெட்லைட் மங்குது: பைக் வயரிங்கை எப்படித் திருத்துறது?

உப்புவெளி_150

எல்லாருக்கும் வணக்கம். என்ர பைக் 150 சிசி, காபரேட்டர் மொடல், கை மாறி வாங்கினது. வேலையால இரவில திருகோணமலையில இருந்து கந்தளாய், ஹபரணைப் பக்கம் போய்வர வேண்டியிருக்கு. அந்த றோட்டில ஓடினாக்களுக்குத் தெரியும். கந்தளாய் தாண்டி அக்போபுர, அலுத் ஓயா எண்டு போகப் போக ரெண்டு பக்கமும் காடு. யானை றோட்டோரம் நிண்டாலும் கிட்டப் போகுமட்டும் கண்ணில படாது. பைக்கோட வந்த ஹெட்லைட் காணாது எண்டு டவுனில ஒரு கடையில 20 வாட்ஸ் எல்இடி ஸ்பொட் லைட் ரெண்டு, ரெட்டை ஹோன், ஹேண்டிலில ஒரு யூஎஸ்பி சார்ஜர் எல்லாம் பூட்டுவிச்சன்.

இப்ப நடக்கிறது இது. ஸ்பொட் லைட் எரியேக்க ஹோன் அடிச்சா ஹெட்லைட் மங்கும், டாஷ் லைட்டும் சேர்ந்து துடிக்கும். 10 அம்பியர் மெயின் பியூஸ் திரும்பத் திரும்பப் போச்சுது. கடையில காட்ட 20 அம்பியர் போட்டுத் தந்தவை, இனிப் போகாது எண்டு. பியூஸ் போகேல்லை. ஆனா நேற்று ஹெட்லைட் கூட்டுக்குள்ளயிருந்து பிளாஸ்டிக் எரியிற மணம் வந்தது. காலமையில ஸ்டார்ட்டரும் இழுத்து இழுத்துத்தான் சுத்துது. பற்றரியை மாத்தச் சொல்லினம். பிரச்சினை பற்றரியிலயோ, வயரிங்கிலயோ?

பாலையூற்று_வயரிங்

தம்பி, மிச்சத்தை வாசிக்க முதல் அந்த 20 பியூஸைக் கழட்டிப் பழையபடி 10 ஐப் போடுங்கோ. ஸ்பொட் லைட்டுக்கும் ஹோனுக்கும் போற வயரைப் பிடுங்கி, முனையை மூடிக் கட்டி விடுங்கோ. அதுக்குப் பிறகு ஆறுதலாக் கதைப்பம்.

பியூஸ் இருக்கிறது லைட்டைக் காப்பாத்த இல்லை, வயரைக் காப்பாத்த. அந்த வயர் தாங்கிற அளவைப் பார்த்துத்தான் கம்பனி 10 போட்டது. 20 ஐப் போட்டா வயர் 10 தாங்கிறது 20 ஆகாது. பியூஸ் எரியிறதுக்குப் பதிலா வயர் எரியும், அவ்வளவுதான். அந்த வயர் ஓடுறது பெற்றோல் டாங்குக்குக் கீழால.

பிறகு ஹெட்லைட்டைக் கழட்டி, கடைக்காரர் பொசிட்டிவ் எங்க இருந்து எடுத்திருக்கிறார், ஏர்த் எங்க குடுத்திருக்கிறார் எண்டு பார்த்துச் சொல்லுங்கோ. படம் தேவையில்லை. வயரின்ர நிறமும் மொத்தமும் சொன்னாலே எனக்கு விளங்கும்.

உப்புவெளி_150

நன்றி அண்ணா. 10 ஐப் போட்டிட்டன், வயரையும் பிடுங்கியாச்சு.

ஹெட்லைட்டைக் கழட்டிப் பார்த்தன். பைக்கின்ர ஹெட்லைட் பொசிட்டிவ் வயரைச் சுரண்டி, அதில ஸ்பொட் லைட், ஹோன், சார்ஜர் மூண்டின்ர வயரையும் முறுக்கி ரேப் சுத்தியிருக்கு. ரேப் உருகி வழியுது, உள்ளுக்க செம்பு கறுத்துப் போய்க் கிடக்கு. புது வயர் எல்லாம் சரியான மெல்லிசு, உள்ளுக்க மயிரிழை மாதிரி ஏழெட்டுக் கம்பிதான். ஏர்த் எல்லாத்தையும் சேர்த்து ஹெட்லைட் பிடிக்கிற ஒரு போல்ட்டில இறுக்கியிருக்கு, பெயின்ட்டுக்கு மேலயே. ரிலே (சின்னக் கரண்டால பெரிய கரண்டைத் திறந்து மூடுற சுவிட்ச்) எண்டு ஒண்டுமில்லை.

தம்பலகாமம்_சேர்

இதை ஒருக்காக் கணக்காப் பார்த்தா ஏன் மணந்தது எண்டு விளங்கும்.

வாட்ஸை வோல்ட்டால பிரிச்சா அம்பியர். இந்த அளவுப் பைக்குகளில கனக்க வாறது 35 வாட்ஸ் பல்ப். ஓடேக்க பைக்கில 13 வோல்ட் எண்டு வைச்சா, அந்த ஹெட்லைட் வயரில போகவேண்டியது 2.7 அம்பியர். இப்ப அதே வயரில 40 வாட்ஸ் ஸ்பொட் லைட்டும் 10 வாட்ஸ் சார்ஜரும் ஏறியிருக்கு. மொத்தம் 85 வாட்ஸ், 6.5 அம்பியர். ரெட்டை ஹோன் அடிக்கேக்க இன்னும் 8 அம்பியர் வரும் எண்டு வைப்பம். 14.5 ஆகுது. 10 அம்பியர் பியூஸ் போனது அதின்ர கடமை.

செம்பு வயரின்ர தடையை 0.0175 ஐ நீளத்தால பெருக்கி, சதுர மில்லிமீற்றர் பருமனால பிரிச்சு எடுக்கலாம். 0.5 சதுர மில்லிமீற்றர் வயரில ஒண்டரை மீற்றருக்கு 0.0525 ஓம். 14.5 அம்பியர் போனா 0.76 வோல்ட் வழியிலயே விழும், 11 வாட்ஸ் சூடு அந்த வயருக்குள்ளேயே பிறக்கும். இது நல்ல வயருக்கு. முறுக்கி ரேப் சுத்தின மூட்டு இதை விட மோசம். கறுத்த மூட்டு ஒண்டில 0.2 ஓம் தடை இருந்தா, ஹோன் அடிக்காமலே, 6.5 அம்பியருக்கு 8 வாட்ஸுக்கு மேல சூடு வரும். வயரில எண்டா சூடு நீளத்துக்குப் பரவும். மூட்டில ஒரு நகமளவு இடத்தில நிக்கும். உங்களுக்கு மணந்தது அந்த இடம்தான்.

இன்னொண்டு. சாதாரண இழை பல்ப்புக்கு வோல்ட் 10 சதவீதம் குறைஞ்சா வெளிச்சம் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறையும். வெளிச்சம் கூட்டப் போட்ட ஸ்பொட் லைட் உங்கட ஹெட்லைட்டின்ர வெளிச்சத்தைத் திண்டுகொண்டு இருந்திருக்கு.

கிண்ணியா_ரைடர்

சேர் சொன்ன கணக்கு சரி. ஆனா ஒரு விஷயம். எல்லாரும் ரிலே ரிலே எண்டு சொல்றாங்க. எல்இடி ரெண்டும் சேர்ந்தே 3 அம்பியர்தான். என்ட பைக்குல பற்றரில இருந்து நேரா பியூஸ், சுவிட்ச், லைட் எண்டு போட்டு மூதூர், வெருகல் எண்டு இரவுல ஓடுறன். ஒரு பிரச்சினையும் இல்ல. ரிலே வைச்சா அதுவும் பழுதாகப் போற இன்னொரு சாமான் தானே நாநா?

பாலையூற்று_வயரிங்

தம்பி சொல்றதில ஞாயம் இருக்கு. 3 அம்பியருக்கு நல்ல சுவிட்ச் தாங்கும். ஆனா கடையில வாற ஹேண்டில் சுவிட்ச் கனக்க மலிவுச் சாமான். உள்ளுக்க சின்னத் தகடு ரெண்டுதான் தொடும். உப்புக்காத்து பட்ட தகட்டில லைட்டுக்கு 3 அம்பியர் போறதுக்கும் ரிலேக்கு 0.2 அம்பியர் போறதுக்கும் வித்தியாசம் இருக்கு. அதோட பற்றரியில இருந்து நேரா எண்டா, சாவியை எடுத்தாலும் லைட் எரியும். ஒருக்கா மறந்திட்டுப் போனாக் காணும், காலமையில பற்றரி செத்துப்போய் நிக்கும். றோட்டில நிப்பாட்டின பைக்கில போறவன் வாறவன் சுவிட்சைத் தட்டினாலும் அதே கதைதான். ரிலே கேக்கிறது சாவிக்கு லைட் கட்டுப்படோணும் எண்டதுக்காகத்தான். ஹோனுக்கு எண்டா கேள்வியே இல்லை, கட்டாயம் வேணும்.

இப்ப உப்புவெளித் தம்பிக்கு. முழுசாக் கழட்டிப் புதுசாச் செய்யிறதெண்டா இப்பிடிச் செய்யுங்கோ.

முதல்ல பற்றரியின்ர நெகட்டிவைக் கழட்டுங்கோ, பிறகுதான் பொசிட்டிவ். பூட்டேக்க பொசிட்டிவ் முதல், நெகட்டிவ் கடைசி. நெகட்டிவ் பூட்டியிருக்கேக்க பொசிட்டிவ் நட்டில பிடிச்ச ஸ்பனர் பிரேமில முட்டினா நேரா ஷோர்ட். பொறி பறக்கும், பற்றரித் தலை உருகும்.

கடைக்காரர் கைவைச்ச இடத்தில பைக்கின்ர சொந்த வயரைப் பழைய நிலைக்குக் கொண்டு வாங்கோ. கறுத்த துண்டை வெட்டி எறிஞ்சு, அதே மொத்தத்தில நல்ல வயர் ஒரு துண்டு போட்டு இணையுங்கோ. செம்பு உள்ளுக்க எவ்வளவு தூரம் கறுத்திருக்கு எண்டு உரிச்சு உரிச்சுப் பாருங்கோ. பளபளப்பு வாற இடத்தில நிப்பாட்டலாம்.

பிறகு பற்றரி பொசிட்டிவில இருந்து ஒரு புது வயர், 1.5 சதுர மில்லிமீற்றர். பற்றரியில இருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ளயே பியூஸ் இருக்கோணும். ஹெட்லைட்டுக்குக் கிட்டப் பியூஸ் வைச்சிட்டு, டாங்குக்குக் கீழ ஓடுற வயரைப் பாதுகாப்பில்லாம விடுற ஆக்கள் இருக்கினம். அந்த நடுவில எங்கயாவது வயர் உரசி பிரேமில பட்டா அந்தப் பியூஸுக்கு ஒண்டும் தெரியாது. சீற்றுக்குக் கீழ மூண்டு, நாலு பியூஸ் பிடிக்கிற சின்னப் பெட்டி ஒண்டு வைச்சா இன்னும் வசதி. ஸ்பொட் லைட்டுக்கு 5 அம்பியர், ஹோனுக்கு 15, சார்ஜருக்கு 3. தகட்டுப் பியூஸில 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள். மஞ்சள் நிறம் உங்கட பெட்டிக்குள்ள வரவே தேவையில்லை.

ஸ்பொட் லைட் ரிலேயில நாலு கால் இருக்கும், கீழ இலக்கம் அடிச்சிருப்பினம். 30 க்குப் பியூஸில இருந்து வாற வயர். 87 இல இருந்து லைட்டுக்கு. 85 ஏர்த்துக்கு. 86 க்கு ஹேண்டில் சுவிட்ச் ஊடா வாற சின்ன வயர். அந்தச் சின்ன வயருக்கு, சாவி போட்டா மட்டும் கரண்ட் வாற ஒரு வயரில இருந்து எடுங்கோ. பின்னால பார்க் லைட்டுக்குப் போற வயர் நல்லது. ரிலேக்குள்ள இருக்கிற கொயில் குடிக்கிறது 0.2 அம்பியருக்கும் குறைவு, அதால பைக் வயருக்குப் பாரமில்லை. 87ஏ எண்டு அஞ்சாவது கால் இருந்தா அதைத் தொடாதேங்கோ. ரிலே வேலை செய்யாத நேரம் கரண்ட் வாறது அதில.

ஹோனில கனபேர் குழம்புறவை. சில பைக்கில சுவிட்ச் அமத்தினா ஹோனுக்குப் பொசிட்டிவ் வரும். வேற சில பைக்கில ஹோனில பொசிட்டிவ் சாவியோட எந்நேரமும் இருக்கும், சுவிட்ச் அமத்தினா ஏர்த் கிடைக்கும். எது எண்டு தேடி மண்டையை உடைக்கத் தேவையில்லை. பழைய ஹோனுக்கு வந்த ரெண்டு வயரையும் அப்பிடியே ரிலேயின்ர 85, 86 இல குடுங்கோ. எந்த வகையா இருந்தாலும் சுவிட்ச் அமத்தேக்க கொயிலுக்குக் கரண்ட் கிடைக்கும். உள்ளுக்க டையோட் (கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுற சாமான்) வைச்ச ரிலே எண்டா மட்டும் பொசிட்டிவ் பக்கம் பார்த்துப் பூட்டோணும், அது உடம்பில கீறிக் காட்டியிருக்கும். பிறகு 30 க்குப் பியூஸ், 87 இல இருந்து ரெண்டு ஹோனுக்கும், ஹோனின்ர மற்றக் கால் ஏர்த்துக்கு.

ஏர்த்தை ஹெட்லைட் போல்ட்டில வைக்க வேண்டாம். பெயின்ட்டும் துருவும் கரண்டை மறிக்கும். பொசிட்டிவ் எவ்வளவு மொத்தமோ அதே மொத்தத்தில ஒரு வயரை நேரா பற்றரி நெகட்டிவுக்குக் கொண்டுவாங்கோ. கடலோரத்தில ஓடுற பைக்குக்குப் பிரேம் ஏர்த்தை நான் நம்புறதே இல்லை.

சாம்பல்தீவு_பொடியன்

அண்ணா, என்ர பைக் பழைய 100 சிசி. அதில ஐடிலில ஹெட்லைட் மங்கலா எரியும், முறுக்கினா வெளிச்சம் கூடும். எஞ்சின் ஓஃப் எண்டா ஹெட்லைட் எரியவே எரியாது, ஆனா இன்டிகேட்டர் எரியும். எனக்கும் இதே முறை சரிவருமோ?

பாலையூற்று_வயரிங்

உங்கட ஹெட்லைட் பற்றரியில எரியேல்லை தம்பி, எஞ்சின் சுத்தேக்க கரண்ட் உண்டாக்கிற மக்னட் கொயிலில இருந்து வாற ஏசியில நேரா எரியுது. அதனாலதான் எஞ்சின் வேகத்தோட கூடிக் குறையுது. மல்டிமீற்றரை ஏசி வோல்ட்டில வைச்சு ஹெட்லைட் வயரைப் பார்த்தா நிச்சயமாத் தெரியும். அந்த வயரில இருந்து ரிலேக்கு எடுத்தா ரிலே கிர்ர்ர் எண்டு அடிச்சுக்கொண்டே இருக்கும், கெதியில பழுதாகும். எல்இடியும் அந்த வயரில தாங்காது. இன்டிகேட்டர் பிலாஷருக்கு வாற வயரில சாவி போட்டா டிசி இருக்கும், ரிலேக்கு அங்க இருந்து எடுங்கோ.

ஆனா லைட் வாங்க முதல் யோசியுங்கோ. இந்த மாதிரிப் பைக்குகளில பற்றரியைச் சார்ஜ் பண்ணுற பங்கு சின்னது. அது ஹோன், இன்டிகேட்டர், பிரேக் லைட் அளவுக்குத்தான் கணக்குப் பண்ணினது. 40 வாட்ஸை அதில ஏத்தினா ஓட ஓடப் பற்றரி இறங்கிக்கொண்டுதான் போகும். ரெண்டும் சேர்த்து 10, 15 வாட்ஸுக்கு உள்ள ஒண்டைப் பாருங்கோ.

கடலோடி_திருக்கடலூர்

நான் பைக்காரன் இல்லை. போட்டுகளுக்கு லைட்டும் எஞ்சின் வயரிங்கும் செய்யிறன். மூட்டைப் பற்றி மட்டும் சொல்லுறன், ஏனெண்டா எங்கட ஊரில வயர் சாகிறது நடுவில இல்லை, மூட்டிலதான்.

உப்புத் தண்ணி வயருக்குள்ள ஏறும். வெளிய சுத்தின ரேப் அதை மறிக்காது. கம்பிகளுக்கு இடையில இருக்கிற இடைவெளியால தண்ணி உறிஞ்சி உள்ளுக்குப் போகும். முதல்ல பச்சைக் களிம்பு, பிறகு கறுப்பு. வெளியத் தோல் புதுசு மாதிரி இருக்கும், உள்ளுக்க செம்பு பொடியாகியிருக்கும். வெயிலில ரேப்பின்ர பசை உருகி ஒட்டாமப் போனா, அந்த ரேப்பே தண்ணியைப் பிடிச்சு வைச்சிருக்கும்.

அதனால போட்டில நாங்கள் வெள்ளீயம் பூசின செம்பு வயர் பாவிக்கிறம். உரிச்சா வெள்ளி நிறமா இருக்கும். போட் சாமான் விக்கிற கடைகளில கேட்டுப் பாருங்கோ. விலை கூடத்தான், பைக்குக்கு வேண்டிய நாலைஞ்சு மீற்றருக்குப் பெரிய காசில்லை. மூட்டுக்கு வயரை நசுக்கிப் பிடிக்கிற கிரிம்ப் கட்டை, நல்ல கிரிம்ப் குறடு, மேல உள்ளுக்குப் பசை இருக்கிற, சூட்டில சுருங்கிற ஹீற் ஷ்ரிங் குழாய். சூடாக்கேக்க ரெண்டு முனையிலயும் பசை பிதுங்கி வரோணும். வந்தா மூட்டு அடைபட்டிட்டுது, வராட்டி வெட்டித் திரும்பச் செய்யிறதுதான்.

வயரை வெட்டாம மேலால கவ்வுற நீலநிறக் கனெக்டர் வருமே, அதைக் கடலோரத்தில ஒருநாளும் பாவிக்காதேங்கோ. அது தோலைக் கிழிச்சு, உள்ளுக்க ரெண்டு மூண்டு கம்பியையும் அறுத்துத்தான் பிடிக்கும். கிழிஞ்ச இடத்தால உப்பு போகும்.

கிண்ணியா_ரைடர்

ஈயம் வைச்சா இன்னும் உறுதிதானே? எங்கட பக்கத்துல கராஜ் எல்லாம் ஈயம்தான் வைக்கிறாங்க.

கடலோடி_திருக்கடலூர்

ஈயம் கெட்டதில்லை. ஆனா உருகின ஈயம் கம்பிக்குள்ளால மேல ஏறி, அந்த இடத்தை விறைப்பாக்கிப் போடும். விறைப்பு முடிஞ்சு மெத்து தொடங்குற இடத்தில எஞ்சின் அதிர்வு வேலை செய்யும். உங்களுக்கு ஈயம் வைச்ச இடம் உடையாது, அதுக்கு அரை அங்குலம் தள்ளி உடையும். ஈயம்தான் வைக்கிறதெண்டா மூட்டுக்கு ரெண்டு பக்கமும் வயரைப் பிரேமோட கட்டி, ஆடாமப் பண்ணுங்கோ. பைப் ஒட்டுற அமிலப் பசை பாவிக்காதேங்கோ. அது உள்ளுக்க இருந்துகொண்டே செம்பைத் திங்கும். எலக்ட்ரோனிக்ஸுக்கு வாற ரோசின் பசை மட்டும்.

பாலையூற்று_வயரிங்

கடலோடி அண்ணா சொன்னதோட ஒண்டு சேர்க்கிறன். வயர் ஓடுற பாதை. ஹேண்டிலை இடப்பக்கம் முழுக்க, வலப்பக்கம் முழுக்கத் திருப்பிப் பாருங்கோ. கழுத்துக்குக் கிட்ட வயர் இழுபடவும் கூடாது, நசுங்கவும் கூடாது. கறுப்பு வளைவுக் குழாய்க்குள்ள விட்டு, இடைக்கிடை கேபிள் ரை போடுங்கோ. சைலன்சர், சிலிண்டர் தலைக்குக் கிட்டக் கொண்டுபோக வேண்டாம். கனெக்டரின்ர வாய் கீழ பார்க்கோணும், வயர் ஒருக்காத் தாழ்ந்து பிறகு ஏறிப் போகோணும். அப்பதான் வழியிற மழைத்தண்ணி தாழ்வில சொட்டும், ரிலேக்குள்ள போகாது. நவம்பர், டிசம்பர் மழையில புல்மோட்டை றோட்டில ஓடுற பைக்குக்கு இது சின்ன விஷயமில்லை. பற்றரித் தலையை இறுக்கின பிறகு மேலால வாஸ்லைன் பூசி விடுங்கோ. இறுக்க முதல் இல்லை, இறுக்கின பிறகு.

லிங்கநகர்_அக்கா

நான் ஸ்கூட்டி ஓடுறன். லைட் ஒண்டும் மேலதிகமா இல்லை. ஆனா களவு பயத்தில ஜிபிஎஸ் டிரக்கர் ஒண்டு பூட்டினது, சீற்றுக்குக் கீழ யூஎஸ்பி சார்ஜரும் இருக்கு. தினமும் ஓடினாப் பிரச்சினை இல்லை. ஒரு கிழமை கொழும்புக்குப் போயிட்டு வந்தா செல்ஃப் எடுக்காது, உதைச்சுத்தான் ஸ்டார்ட். பற்றரி புதுசு. இதுக்கும் வயரிங்கோ?

தம்பலகாமம்_சேர்

பிள்ளை, உங்கட ஸ்கூட்டி நிக்கேக்கயும் டிரக்கர் குடிச்சுக்கொண்டு இருக்கு. அது 40 மில்லி அம்பியர் குடிக்கிற வகை எண்டு வைப்பம். 0.04 ஐ 24 ஆல பெருக்கினா ஒரு நாளைக்கு 0.96 அம்பியர் மணி. ஸ்கூட்டிப் பற்றரி 4, 5 அம்பியர் மணிக்குள்ளதான் அனேகமா வரும். அஞ்சு நாளில முழுக்க வெறுமை. ஆனா செல்ஃப் மோட்டார் அவ்வளவு காலம் பொறுக்காது, பாதி இறங்கினாலே இழுக்கத் தொடங்கும். ஈய அமிலப் பற்றரியை அப்பிடி வெறுமையா நிக்க விட்டா உள்ளத் தகட்டில சல்பேற் படிஞ்சு கொள்ளளவும் குறைஞ்சு போகும், புதுப் பற்றரியெண்டாலும்.

அளந்து பார்க்கலாம். சாவி ஓஃப். நெகட்டிவ் வயரைக் கழட்டி, அந்த வயருக்கும் பற்றரி நெகட்டிவுக்கும் இடையில மல்டிமீற்றரை வையுங்கோ, சிவப்பு முனை 10 அம்பியர் துளையில. அளக்கேக்க சாவியைப் போடவோ ஸ்டார்ட் பண்ணவோ கூடாது, மீற்றர் எரிஞ்சிடும். வேற ஒண்டும் பூட்டாத ஸ்கூட்டியில சில மில்லி அம்பியர்தான் காட்டும்.

பாலையூற்று_வயரிங்

அக்கா, சார்ஜரைச் சாவிக்குக் கட்டுப்படுற வயருக்கு மாத்துங்கோ, அதோட அந்தப் பங்கு நிக்கும். டிரக்கரைச் சாவிக்கு மாத்தினா களவுக்கு உதவாது, அதால அது பற்றரியிலயே இருக்கட்டும். ஆனா அதுக்கும் தனிப் பியூஸ், 1 அல்லது 2 அம்பியர். ஊரில இல்லாத கிழமையில வீட்டில ஆரும் ஒருக்கா எடுத்து அரை மணித்தியாலம் ஓடினாக் காணும். சும்மா வாசலில ஸ்டார்ட் பண்ணி ரெண்டு நிமிஷம் விடுறதில பற்றரிக்குப் போறதை விட ஸ்டார்ட்டுக்கு எடுத்தது கூட.

உப்புவெளி_150

அண்ணா, சேர், எல்லாருக்கும் நன்றி. சொன்னபடி முழுக்கக் கழட்டிப் புதுசாச் செய்தாச்சு. போட் கடையில வெள்ளீய வயர் கிடைச்சது. ஹோன் ரிலேக்குப் பழைய ரெண்டு வயரையும் அப்பிடியே குடுத்தன், முதல் அமத்தலிலயே வேலை செய்தது. இப்ப ஹோன் அடிச்சா ஹெட்லைட் அசையுதே இல்லை. பற்றரியை மாத்தேல்லை, சார்ஜரில போட்டு ஏத்தினன்.

இனி அது தாங்குமோ எண்டு எப்பிடித் தெரிஞ்சுகொள்ளுறது? அதோட ஸ்பொட் லைட்டை எந்த உயரத்தில, எங்க பார்க்க வைக்கிறது?

பாலையூற்று_வயரிங்

நல்ல வேலை தம்பி. பற்றரிக்கு மேல மல்டிமீற்றர் வைச்சு நாலு இடத்தில பாருங்கோ. இரவு முழுக்க நிண்ட பைக்கில, சாவி போட முதல், 12.6 க்கு மேல இருந்தா நிறைஞ்ச பற்றரி. 12.2 எண்டா பாதிதான். 12 க்குக் கீழ எண்டா ஏறக்குறைய வெறுமை. ஸ்டார்ட்டர் சுத்தேக்க 10 க்குக் கீழ விழுந்தா பற்றரி களைச்சுப் போச்சு. எஞ்சின் ஓடேக்க, எல்லா லைட்டும் எரியேக்க, ஓடுற வேகத்துக்கு முறுக்கி வைச்சுப் பார்த்தா 13.5 க்கும் 14.5 க்கும் இடையில நிக்கோணும். அந்த வேகத்திலயும் 13 க்குக் கீழ எண்டா, உங்கட மக்னட் கொயில் குடுக்கிறதை விட நீங்கள் எடுக்கிறது கூட. வயரிங்கை எவ்வளவு வடிவாச் செய்தாலும் அந்தக் கணக்கு மாறாது, லைட்டைக் குறைக்கிறதுதான் வழி. 15 க்கு மேல காட்டினா சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்துற ரெகுலேட்டர் பழுது, ஓடாம உடனே மாத்துங்கோ.

ஐடிலில குறைஞ்சுதான் காட்டும், அதுக்குப் பயப்பட வேண்டாம். ஆனா ரயில் கேற்றில, செக்கிங்கில நிக்கேக்க ஸ்பொட் லைட்டை நூத்து விடுற பழக்கம் நல்லது.

லைட் வைக்கிறது பற்றிக் கிண்ணியாத் தம்பிக்கும் சேர்த்துச் சொல்லுறன். ஹெட்லைட்டை விடக் கீழ பூட்டுங்கோ. சுவரில இருந்து ஏழெட்டு மீற்றர் தள்ளி, ஆள் ஏறி இருக்கேக்க அடிச்சுப் பாருங்கோ. ஒளியின்ர மேல் விளிம்பு லைட் இருக்கிற உயரத்துக்குக் கொஞ்சம் கீழ விழோணும். ஒருத்தர் மட்டும் ஏறி இருந்து பார்த்து வைச்சா, பின்னால ஆள் ஏறினோடன லைட் மேல பார்க்கும். அதையும் யோசிச்சு வையுங்கோ. முன்னால வாறவன்ர கண் கூசினா அவன் எங்கட பக்கம்தான் வருவான். எதிரில வாகனம் வந்தா ஸ்பொட் லைட் நூரோணும், அதுக்குத்தான் ஹேண்டிலில சுவிட்ச்.

அந்தக் காட்டு றோட்டில வெளிச்சம் தேவைப்படுறது தூரத்துக்கு மட்டுமில்லை, றோட்டோரத்துக்கும். ஒண்டை நேராவும், மற்றதைக் கொஞ்சம் இடப்பக்கம் பத்தை தெரியிற மாதிரியும் வைச்சுப் பாருங்கோ. யானையைக் கண்டா ஹோன் அடிக்கவும் வேண்டாம், லைட்டை அடிச்சு அடிச்சுக் காட்டவும் வேண்டாம். தூரத்திலயே நிப்பாட்டி, திரும்பிப் போற பக்கமாப் பைக்கைத் திருப்பி வைச்சுக்கொண்டு, அது கடக்குமட்டும் நில்லுங்கோ.

கிண்ணியா_ரைடர்

பாலையூற்று நாநா, நான் ரிலே போடப் போறன். என்ட பைக் பியூவல் இன்ஜெக்‌ஷன். அதுக்கு வேற ஏதும் பார்க்கணுமா?

பாலையூற்று_வயரிங்

கட்டாயம் பார்க்கோணும். உங்கட பைக்கில பெற்றோல் பம்பும் ஈசியூ எண்ட எஞ்சின் கம்பியூட்டரும் பற்றரி வோல்ட்டை நம்பித்தான் ஓடுது. வோல்ட் விழுந்தா எஞ்சினே தடுமாறும், காபரேட்டர் பைக் மாதிரி உதைச்சுத் தப்ப ஏலாது. ஈசியூ, பம்ப், சென்சர் வயர் ஒண்டிலயும் கை வைக்க வேண்டாம், ரிலேச் சின்ன வயருக்கும் பார்க் லைட்டில இருந்தே எடுங்கோ. ரிலேக் கொயிலுக்குக் குறுக்கால டையோட் இருக்கிற ரிலே வாங்குங்கோ, இல்லாட்டி வெளியால ஒரு டையோட் வையுங்கோ, கோடு போட்ட பக்கம் பொசிட்டிவுக்கு. ரிலே ஓஃப் ஆகேக்க கொயிலில இருந்து திரும்பி அடிக்கிற வோல்ட்டை அது பிடிச்சுக்கொள்ளும்.

உப்புவெளி_150

அளந்து பார்த்தன் அண்ணா. காலமையில 12.7. எல்லா லைட்டும் எரியேக்க, முறுக்கினா 13.8. ஐடிலில 12.9. ஸ்பொட் லைட்டையும் சுவரில அடிச்சு இறக்கி வைச்சாச்சு.

பாலையூற்று_வயரிங்

அப்ப பற்றரி மாத்தத் தேவையில்லை தம்பி. சீற்றுக்குக் கீழ 3, 5, 10, 15 ஒவ்வொண்டிலயும் ஒரு பியூஸ் ஸ்பெயரா வைச்சிருங்கோ. அலுத் ஓயாவில நடுச்சாமத்தில பியூஸ் போனா, கையில இருக்கிற வேற ஒண்டைப் போடத்தான் மனம் வரும். மழை தொடங்க முதல் ஒருக்கா ரிலேயைக் கழட்டிக் காலில பச்சை பிடிச்சிருக்கோ எண்டு பாருங்கோ.